ஜெபிப்போம் என்பதா, ஜெபித்துக்கொள்கிறேன் என்பதா?

நீங்கள் கேட்டதன் சுருக்கம் இது. சாப்பாட்டுக்கு முன் ஜெபிப்பது உங்களுக்குச் சிறுவயதிலிருந்தே பழக்கம். இப்போது அலுவலகத்தில் ஐந்தாறு பேர் சேர்ந்து சாப்பிடுகிறீர்கள். அதில் இந்து, முஸ்லிம், கடவுளே இல்லை என்பவர் எல்லோரும் உண்டு. ஜெபித்தால் படம் காட்டுவது போல இருக்கிறது, விட்டுவிட்டால் நாள் முழுக்க மனது உறுத்துகிறது. போதாததற்கு அடுத்த வாரம் அவர்களையே வீட்டுக்குச் சாப்பிட அழைத்திருக்கிறீர்கள். வீட்டில் அப்பா உரக்க ஜெபிப்பவர். என்ன செய்வது?

நான் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவன், மனைவி இந்து. இருபது வருடத்துக்கு மேலாக எங்கள் மேசையில் இரண்டு வழிபாடும் நடக்கிறது. அதனால் கீழே சொல்வதில் கொஞ்சம் படித்தது, மீதி சூடுபட்டுத் தெரிந்துகொண்டது.

கல்யாணமான புதிதில் இரண்டு வீட்டாரும் முதல்முறையாகச் சேர்ந்து சாப்பிட உட்கார்ந்தோம். பரிமாறியாயிற்று. என் மாமனார் பரிசேஷணம் (சாப்பிடும் முன் தட்டைச் சுற்றி நீர் விடும் சடங்கு) செய்வதற்காக வலது உள்ளங்கையில் தண்ணீர் எடுத்துவிட்டார். அதே நொடியில் என் அப்பா, வீட்டு வழக்கப்படி, "ஜெபிப்போம்" என்று சொல்லிக் கண்ணை மூடிவிட்டார். அப்பாவின் ஜெபம் லேசில் முடியாது. நோயாளிகள், பயணத்தில் இருப்பவர்கள், பரீட்சை எழுதும் பிள்ளைகள், நாட்டை ஆளுகிறவர்கள் என்று எல்லோரும் அதில் வந்துபோவார்கள். நான் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தேன். மாமனாரின் கை அப்படியே நின்றிருந்தது. விரலிடுக்கு வழியாகத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக மேசை விரிப்பில் இறங்கிக்கொண்டிருந்தது. "ஆமென்" வந்து சேர்ந்தபோது உள்ளங்கை காலி. அவர் ஒன்றும் சொல்லவில்லை, மறுபடி தண்ணீர் எடுத்தார். கண்ணைத் திறந்த அப்பா அந்தக் கையைப் பார்த்தார், ஈர விரிப்பைப் பார்த்தார். தட்டுக்குப் போன தன் கையை இழுத்துக்கொண்டு, "நீங்க முடிங்க சம்பந்தி, அவசரமில்ல" என்றார். மாமனார் தட்டைச் சுற்றி நீர் விட்டு, ஐந்து சின்ன உருண்டைகளை மெல்லாமல் விழுங்கி முடிக்கும்வரை அப்பா காத்திருந்தார்.

அன்றைக்கு இடித்தது ஒரே ஒரு விகுதிதான். 'ஜெபிப்போம்' என்பதில் உள்ள அந்த '-ஓம்'.

தமிழில் 'நாம்' வேறு, 'நாங்கள்' வேறு என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனால் வினைமுற்றில் இரண்டுக்கும் '-ஓம்'தான் வரும். 'ஜெபிப்போம்' என்று அழைப்பாகச் சொன்னால் அது 'நாம்' கணக்கில்தான் போய்ச் சேரும். எதிரே இருப்பவரின் சம்மதத்தைக் கேட்காமலே அவரையும் உள்ளே இழுத்துவிடும். 'நாங்கள் ஜெபித்துவிட்டுச் சாப்பிடுவோம்' என்றால் அவர் வெளியே இருக்கலாம், மரியாதையும் கெடாது. 'நான் ஜெபித்துக்கொள்கிறேன்' என்றால் பிரச்சினையே இல்லை. அந்தக் 'கொள்' இருக்கிறதே, செயலும் அதன் பயனும் செய்கிறவனோடு நின்றுவிடும் என்பதை அது சொல்லிவிடுகிறது. உங்கள் கேள்விக்கு என்னிடம் உள்ள பதிலில் பாதி இதுதான். யாரை உள்ளே சேர்த்துப் பேசுகிறீர்கள், அவரைக் கேட்டீர்களா?

ஜெபத்தின் உள்ளேயும் இது வரும். 'எங்கள் பிதாவே' என்று கடவுளைப் பார்த்துப் பேசும்போது அந்த 'எங்கள்' கடவுளைத்தான் வெளியே நிறுத்துகிறது. மேசையைச் சுற்றி இருக்கிற அத்தனை பேரையும் உள்ளே போட்டுக்கொள்கிறது. தேவாலயத்தில் இது சரி, அங்கே வந்திருப்பவர்கள் அதற்காகவே வந்தவர்கள். மேசையில் ஒரு முஸ்லிம் நண்பரும் ஒரு நாத்திகரும் இருக்கும்போது "எங்கள் இரட்சகரே" என்று தொடங்கினால், அவர்கள் வாயில் இல்லாத வார்த்தையை நீங்கள் வைத்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

சரி, அலுவலக மேசைக்கு வருவோம். அங்கே உங்களை உறுத்துவது வேறு விஷயம். ஒளித்தால் கோழைத்தனம், காட்டினால் பகட்டு என்று இரண்டு பக்கமும் இடிக்கிறது. புதிய ஏற்பாட்டிலேயே இரண்டு பக்கத்துக்கும் ஆதாரம் இருக்கிறது. மத்தேயு 6-ஆம் அதிகாரத்தில், மனிதர் பார்க்கவேண்டும் என்று தெருமுனையில் நின்று ஜெபிக்காதே, அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொள் என்று வருகிறது. அப்போஸ்தலர் 27-ஆம் அதிகாரத்தில், இயேசுவின் செய்தியைப் பரப்பிய பவுல் செய்தது நேர்மாறாகத் தெரியும். புயலில் சிக்கிய கப்பல். பதினான்கு நாளாக யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. ரோமப் போர்வீரர்கள், மாலுமிகள், கைதிகள் என்று மொத்தம் 276 பேர், பலதரப்பட்டவர்கள். பவுல் அப்பத்தை எடுத்து, எல்லார் முன்னிலையிலும் நன்றி சொல்லி, பிட்டுச் சாப்பிடத் தொடங்குகிறார்.

இரண்டும் முரண் இல்லை என்பது என் வாசிப்பு. மத்தேயுவில் கண்டிக்கப்படுவது 'காணும்படியாக' என்ற நோக்கம், கண்ணில் படுவது அல்ல. கப்பல் காட்சியில் பவுல் என்ன செய்யவில்லை என்று பாருங்கள். தலையைக் குனியுங்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை. மாலுமிகள் மனம் திரும்பவேண்டும் என்று ஜெபத்துக்குள் செருகவில்லை. தன் கையில் இருந்த அப்பத்துக்குத் தன் நன்றியைச் சொன்னார், சாப்பிட்டார். அதைப் பார்த்து மற்றவர்களும் தைரியம் வந்து சாப்பிட்டார்கள் என்று மட்டும் அந்தப் பகுதி சொல்கிறது. பல நம்பிக்கையினர் நடுவே ஒருவர் சாப்பாட்டு ஜெபம் செய்வதற்கு இதைவிடப் பொருத்தமான காட்சி எனக்குத் தெரியவில்லை.

கண்ணை மூடிக் கைகூப்பினால்தான் ஜெபம் என்று நமக்கு ஞாயிறு பள்ளியில் பழக்கிவிட்டார்கள். ஓடியாடும் பிள்ளைகளை அடக்க அது நல்ல வழி. ஆனால் சுவிசேஷங்களில் ஐயாயிரம் பேருக்கு உணவு கொடுக்கும் இடத்தில் இயேசு வானத்தை அண்ணாந்து பார்த்துத்தான் ஆசீர்வதிக்கிறார். கண் திறந்துதான் இருந்தது. ஆகவே டப்பாவைத் திறந்து மூடியை ஓரமாக வைக்கிற அந்த நான்கு விநாடியில், யாருடைய பேச்சையும் வெட்டாமல், உள்ளுக்குள் நன்றி சொல்லி முடித்துவிடலாம். இது ஒளித்தல் ஆகாது. கண்ணை மூடிச் சிலுவை அடையாளம் போட்டால்தான் உங்களுக்கு நிறைவு என்றால் அப்படியே செய்யுங்கள், அதிலும் தப்பில்லை. ஒரே ஒரு யோசனை: எல்லோரும் சாப்பிடத் தொடங்கிய பிறகு செய்யாதீர்கள், பரிமாறும் இடைவெளியில் செய்யுங்கள். முதல் கவளத்தை வாயில் வைத்த ஒருவர் உங்களைப் பார்த்துவிட்டு, மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் உறைந்து நிற்கும் முகம் பரிதாபமானது. அப்படி யாராவது நின்றால், "நீங்க சாப்பிடுங்க, நான் இதோ வந்துட்டேன்" என்றால் போதும். விளக்கம் வேண்டாம். விளக்கினால்தான் அது ஒரு சம்பவமாக மாறும்.

இன்னொன்று, உங்கள் மேசையில் நீங்கள் ஒருவர்தான் ஜெபிக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். பாதிப்பேர் உங்களுக்கு முன்பே முடித்திருப்பார்கள், உங்களுக்குத் தெரிந்திருக்காது.

முஸ்லிம் நண்பர் 'பிஸ்மில்லாஹ்' என்று ஒரு சொல்லில் தொடங்கிவிடுவார். உதடு அசைவதுகூடத் தெரியாது. சாப்பிட்டு முடித்ததும் 'அல்ஹம்துலில்லாஹ்'. தொடக்கத்தில் மறந்துவிட்டால் நடுவில் நினைவு வந்ததும் 'தொடக்கத்துக்கும் முடிவுக்கும் அல்லாஹ்வின் பெயரால்' என்று சொல்லிக்கொள்ள வழி உண்டு. மனது உறுத்துகிறது என்றீர்களே, அந்த உறுத்தலுக்கு அங்கே ஏற்பாடே இருக்கிறது. எனக்கு மிகப் பிடித்த நபிமொழி ஒன்று புகாரி தொகுப்பில் வருகிறது. நபியின் வீட்டில் வளர்ந்த ஒரு சிறுவன், பொதுத் தட்டில் கையை இங்கும் அங்கும் ஓடவிட்டுச் சாப்பிடுகிறான். அவனுக்கு நபி சொன்னவை மூன்று. அல்லாஹ்வின் பெயரைச் சொல், வலது கையால் சாப்பிடு, உனக்கு அருகில் இருப்பதிலிருந்து சாப்பிடு. வழிபாட்டையும் பந்தி ஒழுங்கையும் பிரிக்காமல் ஒரே மூச்சில் சொன்னது எவ்வளவு அழகு! அடுத்தவர் பக்கம் கை போகக்கூடாது என்பது ஜெபத்துக்கும் பொருந்தும் என்று நானாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

யூதர்களிடம் முறை வேறு. ரொட்டி உண்டு என்றால் முதலில் கை கழுவி அதற்கான ஆசி வாக்கியத்தைச் சொல்வார்கள். அதிலிருந்து ரொட்டிக்கான ஆசியைச் சொல்லி ஒரு வாய் சாப்பிடும்வரை பேசமாட்டார்கள். அந்த இடைவெளியில் நீங்கள் ஏதாவது கேட்டு அவர் பதில் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டினால் கோபம் என்று நினைத்துவிடாதீர்கள். அவர்களுடைய பெரிய பிரார்த்தனை சாப்பாட்டுக்குப் பிறகு வருகிறது. உண்டு நிறைவடைந்தபின் கடவுளைப் போற்று என்கிற உபாகமம் 8:10 அதற்கு அடிப்படை. வயிறு காலியாக இருக்கும்போது நன்றி சொல்வது எளிது, நிறைந்த பிறகு சொல்வதுதான் கஷ்டம் என்று ஒரு நண்பர் சொல்வார். மறுக்க முடியவில்லை.

பரிசேஷணம் பற்றி மேலே சொன்னேன். தட்டைச் சுற்றி நீர் விடுவது, பிறகு பிராணன், அபானன், வியானன், உதானன், சமானன் என்று ஐந்து உயிர்க்காற்றுகளுக்கும் ஆகுதி போலச் சிறிது சிறிதாக உட்கொள்வது. வயிற்றில் இருக்கும் நெருப்புக்கே படைக்கிறார்கள். கீதையின் 15-ஆம் அத்தியாயத்தில், உயிர்களின் உடலில் வைசுவானர அக்கினியாக இருந்து நான்கு வகை உணவைச் செரிக்கிறேன் என்று கண்ணன் சொல்வதும் இதோடு சேர்ந்த சிந்தனைதான். எல்லா இந்துக்களும் இதைச் செய்வதில்லை. பலர் கண்ணை மூடி ஒரு பெயரைச் சொல்வதோடு சரி. சிலர் 'பிரம்மார்ப்பணம்' என்று தொடங்கும் கீதையின் 4-ஆம் அத்தியாயச் சுலோகத்தைச் சொல்வார்கள். ஜென் பௌத்தர்களிடம் ஐந்து சிந்தனைகள் உண்டு. இந்த உணவு எங்கிருந்து வந்தது, எத்தனை உழைப்பு இதில் இருக்கிறது, இதற்கு நான் தகுதியா என்று போகும். அதில் படைத்தவனை நோக்கிய வேண்டுதல் இல்லை. கடவுள் நம்பிக்கை இல்லாத நண்பருக்கு ஒருவேளை அதுதான் நெருக்கமாகத் தோன்றும்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், 'சாப்பாட்டுப் பிரார்த்தனை' என்று ஒரே பெயரில் நாம் அழைப்பது உண்மையில் மூன்று வேறு செயல்கள். இதைக் குழப்பிக்கொண்டால்தான் மனத்தாங்கல் வருகிறது. ஒன்று நன்றி. அது சொல்கிறவருக்கும் கடவுளுக்கும் நடுவில் உள்ளது, தட்டில் இருப்பதை அது தொடுவதில்லை. யூதர்களின் ரொட்டி ஆசிகூட ரொட்டியை ஆசீர்வதிப்பதில்லை, 'பூமியிலிருந்து அப்பத்தை வெளிக்கொணர்கிறவர்' என்று கடவுளைத்தான் போற்றுகிறது. இரண்டாவது ஆசி கேட்பது. 'இந்த உணவை ஆசீர்வதியும்' என்று நாம் சொல்வது இந்த வகை. மூன்றாவது படையல். அங்கே உணவின் நிலையே மாறுகிறது. படைப்பதற்கு முன் அதை யாரும் ருசி பார்க்கக்கூடாது, படைத்த பின் அது பிரசாதம்.

முதல் வகையால் யாருக்கும் சங்கடம் இல்லை. இரண்டாவது பெரும்பாலும் கண்டுகொள்ளப்படாமல் போகும். மூன்றாவதில்தான் கவனம் வேண்டும், அதுவும் பொதுப் பாத்திரத்தில். பல கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் வேறு தெய்வத்துக்குப் படைத்ததைச் சாப்பிடமாட்டார்கள். கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் 10-ஆம் அதிகாரத்தில் பவுல் இதற்கு விசித்திரமான, ஆனால் நடைமுறைக்கு ஒத்த ஒரு வழி சொல்கிறார். வேறு நம்பிக்கையுள்ளவர் விருந்துக்கு அழைத்தால் போ, வைத்ததைத் துருவித் துருவிக் கேட்காமல் சாப்பிடு, ஆனால் இது படைத்தது என்று யாராவது சொன்னால் அவருடைய மனச்சாட்சியை முன்னிட்டுச் சாப்பிடாதே. இதை வைத்து "சொல்லாவிட்டால் சாப்பிட்டுவிடுவார்கள்தானே" என்று படையலைக் கமுக்கமாகப் பரிமாறுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். என் மனைவி செய்வது எளிமையானது. பண்டிகை நாளில் எங்கள் பக்கத்து உறவினர் வந்தால், படைப்பதற்கென்று தனிக் கிண்ணத்தில் எடுத்துப் போய்ப் படைத்துவிடுவாள். பெரிய பாத்திரம் அடுப்படியை விட்டு நகராது. படைத்த கிண்ணம் மேசைக்கு வரும்போது, "இது சாமிக்கு வெச்சது, வேணும்கிறவங்க எடுத்துக்குங்க" என்று சொல்லிவிடுவாள். என் பெரியம்மா எடுக்கமாட்டார். என் தம்பி இரண்டு தடவை எடுப்பான். ஒருவர் முகமும் வாடியதில்லை.

இப்போது நீங்கள் வீட்டுக்காரர் என்ற இடம். உங்கள் வீட்டில் உங்கள் வழக்கம் நடக்கவேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. விருந்தாளிக்காகத் தினசரி ஜெபத்தை ஒளித்துவைப்பது எனக்குப் பிடிக்காது. வந்தவர்களும் பெரும்பாலும் எதிர்பார்க்கமாட்டார்கள். அவர்கள் பயப்படுவது ஜெபத்துக்கு அல்ல, என்ன செய்யவேண்டும் என்று தெரியாமல் மாட்டிக்கொள்வதற்கு. எழுந்து நிற்கணுமா, கையைப் பிடிக்கணுமா, கடைசியில் ஏதாவது சொல்லணுமா? இதை நீங்கள் ஒரு வரியில் தீர்த்துவிடலாம். "சாப்பிடறதுக்கு முன்னாடி அப்பா சின்னதா ஒரு ஜெபம் பண்ணுவார், நீங்க சும்மா உக்காந்திருந்தா போதும்." இதைச் சொல்லாமல் இரண்டு பக்கமும் கையை நீட்டி விருந்தாளியின் விரல்களைப் பிடிக்கிற வீடுகள் உண்டு. கையைக் கொடுக்காமல் இருக்க முடியுமா பாவம்?

ஜெபத்தின் நீளம் அடுத்தது. ஒரு நிமிடத்துக்குள் முடியட்டும். நோயாளிகளும் ஆட்சியாளர்களும் இரவு ஜெபம்வரை காத்திருக்கட்டும். அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின் சிறுவனாக இருந்தபோது அப்பாவின் நீண்ட சாப்பாட்டு ஜெபங்களால் சலித்து, குளிர்காலத்துக்கு உப்பிட்டு வைத்த இறைச்சிப் பீப்பாய் முழுவதற்கும் ஒரே தடவையில் ஜெபித்துவிட்டால் நேரம் எவ்வளவு மிச்சம் என்று கேட்டதாக அவருடைய பேரன் பதிவு செய்திருக்கிறார். விருந்தாளிகள் மரியாதைக்காகக் கேட்கமாட்டார்கள், மனதுக்குள் கேட்பார்கள்.

நீளத்தைவிட மோசமானது ஜெபத்தைப் பிரசங்கமாக்குவது. இருபது வயதில் ஒரு வீட்டில் நானும் என்னோடு படித்த இந்து நண்பனும் சாப்பிடப் போனோம். வீட்டுக்காரர் ஜெபத்தின் நடுவே, "இங்கே வந்திருக்கிற இந்தப் பிள்ளையின் கண்களைத் திறந்தருளும், இருளிலிருந்து மீட்டருளும்" என்றார். நண்பன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். அந்தப் பார்வைக்கு நான் இன்றுவரை பதில் சொல்லவில்லை. கடவுளிடம் பேசுவது போல அடுத்தவரிடம் பேசுவது அது. மறுத்துப் பேச அவருக்கு வாய்ப்பில்லாத நேரம் பார்த்து நடப்பது. விருந்தாளியின் பெயரைச் சொல்ல ஆசை என்றால், "இவர்கள் எங்களோடு சாப்பிட வந்ததற்கு நன்றி" என்று சொல்லலாம், யாரும் வருந்தமாட்டார்கள்.

வீட்டில் நடப்பது ஒன்று, அதிகாரம் இருக்கும் இடத்தில் நடப்பது வேறு. நீங்கள் குழுத் தலைவர் என்றால் அலுவலக விருந்தில் "ஜெபிக்கலாமா?" என்று கேட்பதையே விட்டுவிடுங்கள். இலக்கணப்படி அது கேள்வி. மேலதிகாரி வாயிலிருந்து வரும்போது உத்தரவு. அமெரிக்காவில் வர்ஜீனியா ராணுவக் கல்லூரியில் இரவுச் சாப்பாட்டுக்கு முன் பிரார்த்தனை வாசிக்கும் வழக்கம் இருந்தது. மாணவர்கள் வாயைத் திறக்கவேண்டியதில்லை, அமைதியாக நின்றால் போதும். அப்படியும் 2003-ல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அது அரசியலமைப்புக்கு முரண் என்று தீர்ப்பளித்தது. கீழ்ப்படிதலையே பாடமாகச் சொல்லித்தரும் இடத்தில், விருப்பம் இல்லாவிட்டால் விலகலாம் என்பது வெறும் பேச்சு என்பதுதான் காரணம். அது அரசுக் கல்லூரி, உங்கள் அலுவலகத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தாமல் இருக்கலாம். ஆனால் தர்க்கம் பொருந்தும்.

கலந்திருக்கும் கூட்டத்தில் "நீங்கள் ஜெபியுங்கள்" என்று உங்களையே எழுப்பிவிட்டால்? எல்லா மதப் பெயரையும் வரிசையாகச் சொல்லி ஒரு கூட்டுப் பிரார்த்தனை செய்ய முயல்வது எனக்கு ஒத்துவராது. எல்லோரையும் சேர்த்தது போல இருக்கும், கேட்கிற ஒவ்வொருவருக்கும் 'இது என்னுடையது இல்லை' என்றுதான் தோன்றும். "என் வழக்கப்படி ஒரு சின்ன நன்றி சொல்கிறேன், நீங்கள் உங்கள் வழக்கப்படி" என்று ஆரம்பித்துவிட்டு உங்கள் ஜெபத்தையே 'நான்' வைத்துச் சொல்வது நேர்மையானது. அதுவும் சங்கடம் என்றால் மௌனம். கிறிஸ்தவர்களில் ஒரு பிரிவினரான குவேக்கர்கள் மேசையில் பெரும்பாலும் அப்படித்தான், சொல்லே இல்லாமல் சற்று நேரம் அமைதியாக இருந்துவிட்டுச் சாப்பிடத் தொடங்குவார்கள். மௌனத்துக்கும் எல்லையை முன்பே சொல்லிவிடுங்கள். முப்பது விநாடி போதும். எப்போது முடியும் என்று தெரியாத மௌனத்தில் எல்லோரும் அடுத்தவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

மறுபுறம், அடுத்தவர் ஜெபிக்கும்போது நாம் என்ன செய்வது? கையைத் தட்டிலிருந்து எடுத்துவிட்டுச் சும்மா இருக்கவேண்டும். கண்ணை மூடவேண்டியதில்லை, தலை குனியவேண்டியதில்லை, ஃபோனைப் பார்க்கக்கூடாது. 'ஆமென்' சொல்லலாமா என்பது பழைய கேள்வி. யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவில், பெராகோத் என்ற பகுதியின் எட்டாம் அதிகாரக் கடைசியில், இஸ்ரவேலர் ஆசி சொன்னால் ஆமென் சொல், சமாரியர் சொன்னால் முழுவதையும் கேட்ட பிறகு சொல் என்று வருகிறது. அதாவது நம்பிக்கையில் வேறுபட்டவரோடு ஒரே மேசையில் உட்கார்வதும், அவருடைய ஜெபத்துக்கு எதிர்வினை என்ன என்று தலையைச் சொறிவதும் ஏறத்தாழ ஆயிரத்து எண்ணூறு வருடத்துக்கு முன்பே நடந்திருக்கிறது! அந்தச் சூழலின் பகைமையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் விதி நல்ல விதி. முழுவதையும் கேள், உனக்கு ஒப்புமானால் சொல். 'அப்படியே ஆகட்டும்' என்பதுதானே பொருள், ஒப்பாததற்கு எப்படிச் சொல்வது? சொல்லாமல் இருப்பது அவமதிப்பு ஆகாது. நானும் என் மாமனார் மந்திரம் முடித்ததும் எதுவும் சொல்வதில்லை, அவர் கை தட்டுக்குப் போன பிறகு என் கை போகும். அவ்வளவுதான்.

குழந்தைகள் பற்றிக் கேட்கவில்லை, ஆனால் அடுத்த வாரம் உங்கள் மகள் கட்டாயம் கேட்பாள். "ஏம்மா அந்த மாமா கண்ணை மூடல?" சத்தமாகத்தான் கேட்பாள். அவளை அடக்கவேண்டாம். "அவங்க வீட்ல வேற மாதிரி" என்று சாதாரணமாகச் சொன்னால், அவள் அடுத்த கேள்வியை அந்த மாமாவிடமே கேட்டுவிடுவாள். எங்கள் வீட்டில் இப்படித்தான் தொடங்கி, ஏழு வயதில் என் மகன் தாத்தாவிடம் பரிசேஷணத்தின் ஐந்து பெயர்களையும் மனப்பாடம் செய்துவிட்டு, என் அப்பாவிடம் போய் ஒப்பித்தான். அப்பா கொஞ்சம் விழித்தார். அப்புறம், "சரி, இப்ப நம்ம ஜெபத்தைச் சொல்லு" என்றார். அதையும் சொன்னான்.

கடைசியாக உங்கள் அப்பா. அவரை மாற்றப் பார்க்காதீர்கள். இரண்டு விஷயம் மட்டும் பேசுங்கள். அதையும் விருந்து நாளில் வேண்டாம், இரண்டு நாள் முன்பே பேசுங்கள். ஒன்று, யார் யார் வருகிறார்கள், அவரவர் வழக்கம் என்ன என்பது. மற்றது, பரிமாறுவதற்கு முன்பே ஜெபித்துவிடலாம் என்பது. தட்டில் உணவு வந்த பிறகு என்றால் வந்தவர்களில் ஒருவர் ஏற்கனவே தன் முறையைத் தொடங்கியிருக்கலாம், இன்னொருவர் சாப்பிட்டே தொடங்கியிருக்கலாம். எல்லோரும் உட்கார்ந்து, தட்டு காலியாக இருக்கும்போதே அப்பா முடித்துவிட்டால், பாத்திரங்கள் கைமாறுகிற அந்த இடைவெளி மற்றவர்களுக்கு. என் அப்பா இப்போது அப்படித்தான் செய்கிறார். மாமனார் தண்ணீர்ச் செம்பை எடுக்கிறாரா என்று முதலில் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடுகிறார்.